டெல்லிக்கு ஒரு பெட்டி சங்கரா

"எந்த ஊரு?" என்று தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார் ஜெகதீசன். காசிமேட்டில் விமானத்தில் போகிறவர்களுக்கு மீன் கட்டிக் கொடுக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான், மீனெல்லாம் அப்புறம். இத்தனைக்கும் மனுஷர் மீனம்பாக்கம் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஊர்களை எல்லாம் ஐஸை வைத்துத்தான் அறிந்திருந்தார். ஐதராபாத் என்றால் நாலு கை ஐஸ், டெல்லி என்றால் பாதிப் பெட்டி.

"டெல்லி, மாமா."

மாமா என்றதும் நிமிர்ந்தார். தௌசீஃப். அவருடைய ஒரே மகள் சௌமியாவை இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டு போனவன். அன்றைக்கு, "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று மகளிடம் கத்தியவர் இவர்தான். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், பண்ணவே இல்லை. எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட யாரிடமும் கேட்காமல் வீம்பாக இருந்துவிட்டார். இந்த இரண்டு வருடத்தில் டெல்லிக்கு மட்டும் முந்நூறு பெட்டியாவது கட்டியிருப்பார்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய் வரவில்லை. கடைக்காரனாகக் கேட்பது சுலபமாக இருந்தது.

"ஃப்ளைட்டு எத்தினி மணி நேரம்?" என்றார், தெரியாதவர் போல.

"பதினோரு மணி ஃப்ளைட்டு. மூணு மணி நேரத்துக்குப் பத்து நிமிசம் கம்மி. ஆயிரத்து எழுநூத்தம்பது கிலோமீட்டரு, மாமா."

"எறங்கி வூடு போய் சேர?"

"ஒன்னர மணி நேரம்."

"வூட்ல ஃப்ரிட்ஜ் கீதா?"

"கீது மாமா."

"யாரு துன்றதுக்கு?"

தௌசீஃப் தயங்கினான். "அவதான். இது அஞ்சாம் மாசம். எது துன்னாலும் வாந்தி. சங்கரா கொழம்பு இருந்தா எறங்கும்னா. உங்களாண்ட வாங்கச் சொல்லல, நானாதான் வந்தேன்."

"எங்கைல வாங்குனேன்னு சொல்லாத. துன்னாம தூக்கிப் போட்டுடுவா" என்றார் ஜெகதீசன். உண்மையிலேயே பயந்தார்.

அவசர அவசரமாக ஐஸைக் கொட்டி, சங்கராவை அடுக்கி, மேலே மறுபடி ஐஸைக் கொட்டி, மூடி, டேப் சுற்றி, நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. ஒன்று ஐம்பதுக்கு இறங்கியிருப்பான். மூன்று இருபதுக்கு வீடு. பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பாளோ?

மூன்றரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"இன்னாபா நீ?" சௌமியாதான். "கயிறு கட்டுனதப் பாத்தா எனக்குத் தெரியாதா? இத்தினி வருசமா மீன் கட்டற, செதிலு எடுக்காம அனுப்பிகீற?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செதிலும் எடுக்கவில்லை, குடலும் எடுக்கவில்லை. கடலிலிருந்து வந்தபடியே கட்டிக் கொடுத்திருக்கிறார். தொழிலுக்கு வந்த நாளாக ஒரு பெட்டிக்கும் நேராத கூத்து. ஆனால் அவள் திட்டத் திட்ட, அப்பாடா என்றிருந்தது.

"மறந்துட்டம்மா" என்றார். "தூக்கிப் போட்டுடு. வேற கட்டி அனுப்பறேன்."

"ஒண்ணும் வாணாம். போன வெச்சிடாத, இரு."

போனை எங்கோ வைத்தாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, சரக் சரக்கென்று கத்தி மீன்மேல் போகத் தொடங்கியது. எதிரே பெட்டி கட்ட வந்து நின்ற ஆளைக் கையமர்த்திவிட்டு, ஜெகதீசன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி ஐஸ் மூட்டைமேல் உட்கார்ந்தார்.