பார்வைச் சேதம்

கோட்டைக் கிழித்து முடித்த பிறகுதான் அது தன்னுடையதல்ல என்று கெட்ஸலுக்குத் தெரிந்தது. யூதர் துக்க முறையில், செத்தது அப்பா என்றால் போட்டிருக்கும் உடுப்பை இதயத்துக்கு நேராகக் கிழிக்க வேண்டும். இதயம் சரியாகத்தான் இருந்தது. கோட்டுதான் அக்கா புருஷன் நூட்டாவுடையது. பண்டிகைக்கு வாங்கிய புதுசு. அவசரத்தில் ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"துக்கத்துல கிழிச்சாலும் நஷ்டம் நஷ்டம்தான்டா," என்றான் நூட்டா, அழுதுகொண்டே. "ஆனா இதுல ரெண்டு கருத்து இருக்கு. ஏழு நாள் முடியட்டும், பேசிக்கலாம்."

துக்கம் காக்கும் ஏழு நாளும் அந்தக் கிழிசலோடுதான் இருக்க வேண்டும். ஜெருசலேமின் அந்த முற்றத்து வீட்டில், கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட்டு, குட்டை முக்காலியில் கெட்ஸல் உட்கார்ந்திருந்தான். கோட்டின் கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்சதூரம்தான் வந்தது. பார்ப்பதற்குக் கோமாளி. உள்ளே உலை கொதித்தது.

மூன்றாம் நாள் மாடி வீட்டு யெரூகம் வந்தார். பெண்டாட்டியை இழந்த தனிக்கட்டை.

முன்பு கெட்ஸல் வழக்குப் போட்டது இவர்மேல்தான். நகராட்சி அனுமதி வாங்கி, முற்றத்தைப் பார்த்து ஒரு சன்னல் வைத்தார். மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார். கெட்ஸல் அவரை ரபிகள் என்ற மதகுருக்களின் நீதிமன்றத்துக்கு இழுத்தான். அடுத்தவன் முற்றத்தை ஓயாமல் பார்ப்பதும் சேதம்தான் என்கிறது யூதச் சட்டநூலான தால்மூது. "நகராட்சி அனுமதி குடுத்தது செவுத்த ஒடைக்க. எங்கப்பாவ உத்துப் பாக்க இல்ல," என்று அவன் சொன்னபோது நீதிபதிகளே சிரித்துவிட்டார்கள். ஜெயித்தான். பலகை அடித்தால் போதாது என்று இரட்டைச் செங்கல் கேட்டு வாங்கி, கொத்தனார் பக்கத்திலேயே நின்று அடைக்கவைத்தான்.

"விடுடா, பாத்தா பாத்துட்டுப் போறான்," என்றார் அப்பா. அப்பாவுக்குச் சட்டம் தெரியாது.

அந்த முற்றத்தில்தான், துணி காயப்போடப் போன அப்பா மத்தியானம் விழுந்தார். சாயங்காலம் கெட்ஸல் வரும்வரை கிடந்தார்.

துக்கக்காரன் தன்னிடம் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது முறை. கெட்ஸல் திறக்கவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். யெரூகம் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தே இருந்தார். உட்காரட்டும் கிழவன்.

நூட்டா குனிந்தான். "ஏதாவது பேசுடா. பாவம்."

"பாவமா? ஒண்ணு கேக்கறேன், சொல்லு. சன்னல மூட வெச்சவன் நான். அப்பா செத்ததுக்கு நான் பொறுப்பா, இல்லையா?"

"நேரா செஞ்ச சேதம் வேற, சுத்தி வந்த சேதம் வேற. சுத்தி வந்ததுக்கு மனுஷன் கோர்ட்ல தண்டனை கெடையாது."

"மேல இருக்கிற கோர்ட்ல?"

"அதுல ரெண்டு கருத்து..."

சீக்கிரம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் 'உறுதியாச் சொல்ல முடியாது' என்றார். அக்கா 'ஆண்டவன் சித்தம்' என்றாள். இத்தனை நாள் இரண்டு கருத்தை வைத்தே ஊரை ஜெயித்தவன் கெட்ஸல். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே யாரையாவது அறையலாம்போலிருந்தது. யெரூகம் பக்கம் திரும்பினான்.

"அப்பா கூப்பிட்டிருப்பாரே! உம்ம காதுல விழலையா?"

பேசலாம் என்றாகிவிட்டது.

"ரெட்டைச் செங்கலாச்சே தம்பி. விழல."

"அப்ப என்னதான் பண்ணிட்டிருந்தீர்?"

"டீ குடிச்சிட்டிருந்தேன். அதே நாற்காலி, அதே எடம். செவுத்தப் பாத்துக்கிட்டு."

கெட்ஸல் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

"சன்னல் இருந்திருந்தா? எங்கப்பா விழுந்தத பாத்திருப்பீரா?"

"டேய், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது," நூட்டா குறுக்கே வந்தான். "இதுல—"

"நீ வாய மூடு மச்சான். அவர் சொல்லட்டும். ஒரே வார்த்தை."

யெரூகம் கிழிந்த கோட்டைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தை.

"பாத்திருப்பேன்," என்றார்.