ஒரு பல் தள்ளி மாட்டிய வேன்

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை ஒன்பது பத்துக்கு, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டில் அக்னஸ் தன் கணவர் சவரிநாதனுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதே ஒன்பது பத்துக்குச் சவரிநாதன் காவிரிக்குத் தெற்கே, பாலக்கரையில் மெக்கானிக் ஜெகபர் அலியின் ஷெட்டில், தன் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டும் நடந்தவை. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

வேன் தொண்ணூற்றிரண்டாம் வருடத்து டீசல் வண்டி. அக்னஸ் படுத்தபடியே டயாலிசிஸுக்குப் போய்வரச் சவரிநாதன் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டிருந்தார். செவ்வாய், வியாழன், சனி, பத்து மணிக்கு மெஷின். முந்தைய சனிக்கிழமை மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு முழுக்க அக்னஸுக்கு மூச்சு வாங்கியது. செவ்வாயைத் தவறவிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை சவாரி ஒன்றை முடித்துத் திரும்பும்போது வேன் இழுக்காமல் திணறியது, வால்வைத் தள்ளும் டேப்பெட் தையல் மெஷின்போலத் தட்டியது. ஜெகபர் அலி திறந்து பார்த்தார். வால்வு இடைவெளி கூடியிருந்தது, டைமிங் பெல்ட் நைந்திருந்தது. இடைவெளியை இஞ்சின் ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும், அளவு தப்பாகக் காட்டும்.

“மூணு மணி நேரம் ஆறட்டும்ணே.”

“அதுவரைக்கும் உங்க அண்ணியை நீ தோள்ல தூக்கிட்டுப் போறியா?”

“ஆட்டோ சொல்றேன். இப்பவே போயிடுவாங்க.”

“சொந்த வேன் வச்சிருக்கறவன் பொண்டாட்டி ஆட்டோவுல குலுங்கிட்டுப் போகணுமா? அளக்கற கேஜை எடு, ஜெகபரு.”

ஜெகபர் அலி கை சுடச் சுட டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்தார். புது பெல்ட் பல்சக்கரத்தில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை. வேன் ஒன்பது இருபதுக்கு ஷெட்டிலிருந்து புறப்பட்டு, ஒன்பது ஒன்பதுக்கு வீடு வந்து சேர்ந்தது.

தாமதம் என்று பதறி வந்த சவரிநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிம்மதியானார். அக்னஸ் பையோடு தயாராக நின்றார். “கிளம்பிடலாமாங்க? மூச்சு ஒரு மாதிரியா இருக்கு.” “ஒன்பது பத்துகூட ஆகலை. முன்னாடியே போனா அங்க பெஞ்சுலதான் உக்காரணும். கொஞ்சம் படு.” “அப்ப டீயாவது குடிங்க. மூஞ்சி பூரா கரி, என்னைவிட நீங்கதான் நோயாளி மாதிரி இருக்கீங்க.” அவர் குடித்தார். பிறகு வெளியே போய் இஞ்சினை ஓடவிட்டு, தட்டல் நின்ற அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டபடி கண்ணாடி துடைத்தார். ஒன்பது இருபதுக்கு உள்ளே வந்தபோது அக்னஸுக்கு உயிர் இல்லை.

வேனின் குணம் ஒரு மாதத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. புறப்படுவதற்குப் பதினோரு நிமிடம் முன்பே அது போய்ச் சேர்ந்தது. ரயிலைத் தவறவிட இருந்தவர்களும், கே.கே. நகர் கல்யாண வீட்டாரும் தேடி வந்தார்கள். முசிறியிலிருந்து தார் ஏற்றிவந்த வாழை வியாபாரி மருதை, “நான் இன்னும் அங்க ஏத்திக்கிட்டே இருக்கேன், இங்க எப்படிண்ணே எறக்கறது?” என்றார். இறக்கிவிட்டுத்தான் போனார்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சவரிநாதன் ஷெட்டுக்குப் போய், இன்னும் சில பற்கள் தள்ளி மாட்டச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்குப் போக வேண்டும் என்றார்.

“ரெண்டு பல்லுக்கு இருபத்திரண்டு நிமிஷம். மூணாவதுல வால்வு பிஸ்டன்ல இடிச்சு உடையும். நீங்க கேக்கறது நாப்பது நாளு.” ஜெகபர் அலி ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஒண்ணு சொல்லணும்ணே. அன்னிக்கு நீங்க வண்டிக்கு அடியில இருந்தப்ப அண்ணி போன் பண்ணாங்க. உங்க போன் டூல்ஸ் பெட்டி மேல அடிச்சுது. ரெண்டு பேர் கையிலயும் கிரீஸ். எப்படியும் இப்ப கிளம்பிடுவீங்கதானேன்னு விட்டுட்டேன்.”

சவரிநாதன் போனை எடுத்துப் பார்த்தார். அக்னஸ், 9:18. அந்த நிமிடத்தில் அவர் வீட்டு வாசலில், அக்னஸின் கட்டிலுக்குப் பத்தடி தள்ளிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். இஞ்சின் சத்தத்தை மீறிக் கூப்பிட மூச்சில்லாமல் அக்னஸ் போன் செய்திருக்கிறார், அழைப்பு பாலக்கரைக்குப் போயிருக்கிறது. அவர் டீ குடிக்கும்போதே, இனி வரவேண்டிய அந்த அழைப்பு சட்டைப் பையிலிருந்த போனில் பதிந்திருந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

ஆறிய இஞ்சினில் எல்லாவற்றையும் சரியாக வைத்துத் தருவதாக ஜெகபர் அலி பலமுறை சொல்லிவிட்டார். “இனிமே யாருக்கு?” என்பார் சவரிநாதன். நான்கு வருடமாகிறது. வேன் இப்போதும் பதினோரு நிமிடம் முன்பே போய்ச் சேர்கிறது, யாரும் அதைப் பேச்சாக எடுப்பதில்லை. இடையில் போன் கெட்டு, கடையில் பழையதிலிருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் 9:18 என்றுதான் இருக்கிறது.