குண்டு ஒல்லி எழுத்து

நானும் அண்ணனும் சேர்ந்து போர்டு கடை நடத்துகிறோம். நான் எழுத்து வரைவேன், அவன் தகட்டில் வெட்டி மாட்டுவான். ஊரெல்லாம் எங்களை 'அண்ணன் தங்கை கடை' என்றுதான் சொல்லும். கடையின் போர்டில் மட்டும் 'அண்ணன் போர்டு கடை'.

'தங்கை'யையும் சேர் என்று கேட்கும்போதெல்லாம் அண்ணனிடம் ஒரே பதில். "தூணுக்குத் தூண் எவ்ளோ தூரம்னு நீயே பாரும்மா. இடம் இருந்தா போட மாட்டேனா?"

இடம்தானே இல்லை, உண்டாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய நாடக நோட்டீஸ்களின் தலைப்பு மாதிரி ஓர் எழுத்து. தெருமுனையிலிருந்தே கண்ணில் அறைய வேண்டும், ஆனால் அகலம் கூடாது.

"குண்டாவும் இருக்கணும், ஒல்லியாவும் இருக்கணுமா? நல்ல கதையா இருக்கே!" என்று அண்ணன் சிரித்தான்.

சிரிக்கட்டும். கோட்டைத் தடிமனாகவே விட்டு, உள்ளே இருக்கும் வெளியை மட்டும் ஒடுக்கினேன். நுனிக்கு நுனி சின்னப் பாதம், நடு இடுப்பில் ஓர் அலங்கார முள். இந்த 'ண' இருக்கிறதே, மூன்று சுழியோடு என் உயிரை வாங்கிவிட்டது. ஒடுக்கினால் சுழி அடைத்துக்கொள்ளும், திறந்தால் தூணில் இடிக்கும். எத்தனை தாள் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது. 'அண்ணன் தங்கை போர்டு கடை'க்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்து முடித்துக் கொடுத்தேன். தூணுக்குத் தூண் கச்சிதம்.

ஒரு விடுதிச் சுவருக்கு அளவெடுக்கப் போய்விட்டுத் திரும்பினால், புது போர்டு மேலே ஏறியிருந்தது.

'அண்ணன் அன் சன்ஸ் போர்டு கடை.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சன்ஸாம்! இருப்பது ஒரே மகன், அவனுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை. அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இல்லாத இடம் சன்ஸுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் நீ ஒடுக்கி வரைஞ்சு குடுத்தியே!" என்றான், வாய் கூசாமல்.

அண்ணி உள்ளேயிருந்து சேர்த்துக்கொண்டாள். "கோவிச்சுக்காத. நாளைக்கு கடை அவன் கைக்குத்தானே வரப்போகுது."

இத்தனை நாளும் நான் வளைத்து வளைத்து உண்டாக்கிய இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள்! நிமிர்ந்து பார்த்தேன். 'ச'வும் 'ஸ்'ஸும் நான் வரையாத எழுத்துகள். வேறு ஏதோ எழுத்துருவிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறான். படுக்கைக் கோடு தடியாக நிற்க, நிற்கும் கோடு குச்சியாகிவிட்டது. நடுவில் என் 'ன்' மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

வாசலில் வந்து நின்ற விடுதிக்காரருக்கே அது உறுத்தியது. "எழுத்து பிரமாதம். அந்த ரெண்டு மட்டும் ஏன் நோஞ்சானா இருக்கு?"

அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "அந்த ரெண்டையும் வரைஞ்சு குடுத்துடும்மா. உனக்கென்ன, ஒரு நாள் வேலை."

அவ்வளவுதான். ஏணியை இழுத்துச் சாத்தினேன். திருப்புளியோடு ஏறினேன்.

"ஏய், என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?"

"என்னோடத எடுத்துக்கறேன்."

முதலில் 'அ'. பிறகு அந்த 'ண்', 'ண'. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே கொடுத்தேன். விடுதிக்காரர் வாங்கி வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கடைசியாக, சன்ஸின் நடுவிலிருந்த 'ன்'னையும் எடுத்தேன்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை வெறும் இடம். நடுவில் ஒரு 'ச', தள்ளி ஒரு 'ஸ்'.

"இப்ப நிறைய இடம் இருக்குண்ணா" என்றேன்.