ஏற்றத்தில் ஏறும் முள்

மருத்துவமனை மலைக்கு மேலே இருந்தது. கார் மலை ஏற மறுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் முழி பிதுங்கிப் போயிருந்தாள்.

மாமனாருக்குத் தொண்டையில் கட்டி. வாரத்தில் ஐந்து நாள் கதிர்ச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பேருந்தில் போனால் வளைவுக்கு வளைவு வாந்தி. வாடகைக் கார்க்காரர் இரண்டு நாள் வந்துவிட்டு மூன்றாம் நாள் கைப்பேசியை அணைத்துவிட்டார். ஆகவே இறந்துபோன கணவர் விட்டுச்சென்ற காரை அவளே ஓட்டினாள். போன வாரம் அது பாதி மலையில் கொதித்து நின்றதில் ஒரு நாள் சிகிச்சை தவறியது. டாக்டர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். "இன்னொரு நாள் விட்டுப்போச்சுன்னா கணக்கை முதல்லேருந்து போடணும். இந்த வயசுல உடம்பு தாங்காதும்மா."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் அந்த முள்தான். வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டைக் காட்டும், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன முள். நடுவில் நின்றால் நல்லது. சிவப்பைத் தொட்டால் அவ்வளவுதான்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவளுக்கு. இரண்டு நாளாக அங்கேயும் கை ஓடவில்லை. காற்புள்ளிகளெல்லாம் சிவப்பை நோக்கிச் சாய்வதுபோல் இருந்தன.

காரைப் பார்த்த மெக்கானிக்கை ஊரே மூக்கன் என்றுதான் கூப்பிட்டது. பானெட்டைத் திறந்ததும் கையை வைக்க மாட்டார், மூக்கைத்தான் வைப்பார். மோந்து பார்த்தே நோயைச் சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"தெர்மோஸ்டாட் வால்வுதான் தங்கச்சி. தண்ணி சூடானா அது திறக்கணும். இது அடம்பிடிக்குது" என்றார் முதல் தடவை. மாற்றினார். அடுத்த நாளும் மலையில் முள் ஏறியது.

"அப்ப ரேடியேட்டர் மூடிதான். மூடியில அழுத்தம் நிக்கலைன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும்." மூடியும் புதிதானது. முள் கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் போயிருந்தா எண்ணெய்ல தண்ணி கலந்து தயிர் மாதிரி படிஞ்சிருக்கும். இல்லையே. புகையும் வெள்ளையா வரல." பிறகு எஞ்சினை அரைமணி நேரம் அப்படியே ஓடவிட்டார். முன்னால் இருந்த விசிறி தானாகச் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. முள் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. தெருவில் நாலு சுற்றுச் சுற்றி வந்தார். அப்போதும் சாது.

"இங்க பாரு தங்கச்சி, பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு."

"மலைக்கு வந்து பாருங்கண்ணே."

"நீ கியரை எப்படிப் போடுற?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கையாலதான் போடுறேன்."

மூக்கன் சிரித்துவிட்டார். "கோவிச்சுக்காத. உன் வீட்டுக்காரர் ஓட்டினப்ப ஒரு நாள் சூடாச்சுன்னு வந்ததில்ல. அதான் கேட்டேன்."

எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். விடுமுறை வந்தால் கணவர் குடும்பத்தையே அள்ளிப் போட்டுக்கொண்டு இதே மலை ஏறி அணையைக் காட்டக் கூட்டிப்போவார். ஒரு தரம்கூட வண்டி நின்றதில்லை. எஜமான் போன துக்கம் வண்டிக்கும் இருக்கும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. போய் நான்கு மாதம் ஆன மனிதருக்காகத் துக்கப்பட வண்டிக்கு இருக்கும் உரிமைகூடத் தனக்கு இல்லாததுபோல் ஓடிக்கொண்டிருந்தாள் அவள்.

அன்று காலையும் கிளம்பினார்கள். மாமா பின் இருக்கையில் படுக்க மாட்டேன் என்று முன்னால் வந்து உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. சமவெளி முழுக்க முள் நடுவில் இருந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு லாரி மூச்சிரைத்துக்கொண்டு போனது. முந்தவும் வழியில்லை, நிற்கவும் இடமில்லை. இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமியது. முள் அசைந்தது.

"ஏறுது" என்றாள்.

"ரோட்டைப் பாரு. முள்ளை நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. குரல் சுரண்டிக்கொண்டு வந்தது.

"இப்ப எங்க நிக்குது?"

"நடுவைத் தாண்டி கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். அளவுகோலா வெச்சிருக்கேன்?"

நிறுத்தினால் எஞ்சின் ஆற ஒரு மணி நேரம் ஆகும். சூட்டில் மூடியைத் திறக்கவும் முடியாது, முகத்தில் பீய்ச்சி அடிக்கும். மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இன்றைய முறை போச்சு. நிறுத்தாமல் போனால் எஞ்சினே போச்சு.

"அவன் இருந்தா..." என்று மாமா இழுத்தார்.

"இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?" வெடித்துவிட்டாள். "சொல்லுங்க. இந்த இடத்துல அவரு என்னதான் பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவான்? குளிருதுன்னு ஹீட்டரைப் போட்டு நம்ம எல்லாரையும் அவிச்சு எடுப்பான். சட்டை முதுகோட ஒட்டியிருக்கும், அப்பவும் குளிருதும்பான். மலை இறங்கினதும் குளிரு போயிடும்."

லாரி வளைவில் திரும்பியது. கணவர் நெற்றியில் வழிந்த வியர்வையும், பின்னால் பிள்ளைகள் "அப்பா, வேகுதுப்பா" என்று கத்தியதும், ஜன்னலை இறக்கிவிட்டு அவர் சீட்டியடித்ததும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. குளிருகிறவன் எதற்கு ஜன்னலை இறக்குகிறான்?

கை நீட்டி ஹீட்டர் திருகைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினாள். காற்றை முழு வேகத்தில் வைத்தாள். நான்கு ஜன்னல்களையும் இறக்கினாள். அடுப்பைத் திறந்ததுபோல் முழங்காலில் சூடு அடித்தது.

"அம்மாடி, உனக்குமா குளிருது?"

"முள்ளைப் பாருங்க மாமா."

மாமா குனிந்தார். "நின்னுடுச்சு" என்றார். அடுத்த வளைவில், "இறங்குது. நிஜமாவே இறங்குது."

எஞ்சினின் சூட்டை ஹீட்டர் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்கு முடியாததை இந்தச் சின்னது தாங்குகிறது. ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வருடக்கணக்காகத் தெரிந்திருக்கிறது. வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், குளிருகிறது என்று சொல்லி, பிள்ளைகளைச் சிரிக்கவைத்து ஓட்டியிருக்கிறார்.

லாரி ஒதுங்கி வழி விட்டது. தாண்டும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசி நாள் காலையிலும் நெஞ்சைத் தடவிக்கொண்டு "வாயுதான்" என்றார். அதற்கு முந்தைய வாரமும் வாயுதான். அவள் ஓம நீர் போட்டுக் கொடுத்தாள். வரிக்கு வரி பிழை பிடிப்பவள், பக்கத்திலேயே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தவரை அப்படியே நம்பியிருக்கிறாள். எல்லாவற்றையும் குளிர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாயே, மனுஷா.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். மாமாவை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவள் வாசலில் நின்று மூக்கனைக் கூப்பிட்டாள்.

"ஹீட்டர் போட்டா இறங்குதா?" மூக்கன் குரல் மாறியது. "தங்கச்சி, வண்டியை அணைச்சிட்டு, பேட்டரி வயர் ஒண்ணைக் கழட்டிடு. விசிறி சொல்லாம சுத்தும், விரலைக் கொண்டுபோயிடும். கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் ரேடியேட்டர் மேல உள்ளங்கையை ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கம் மெதுவா நகத்திப் பாரு."

வெப்பம் தணியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. நிழலுக்கும் காருக்குமாக நடந்தாள். பிறகு துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு, அது போதாமல் அதை எடுத்துவிட்டு, வெறும் கையை வைத்தாள். மேலே சூடு. இடது பக்கம் சூடு. வலது பாதிக்குக் கை வந்ததும் சட்டென்று குளிர்ந்தது. அங்கே எதுவும் ஓடவில்லை.

"ஜில்லுனு இருக்குண்ணே. கிட்டத்தட்ட பாதி."

"அடைச்சுக்கிச்சு. அதான் தெருவுல சாதுவா இருந்துது, மலையில பாரம் ஏறினதும் தாங்கல. நானும் மோந்து மோந்து பாத்தேன், கையை வைக்கத் தோணல பாரு. ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊத்தவே மாட்டாரா அவரு?"

"குழாய்த் தண்ணிதான். கூலன்டெல்லாம் கலர் தண்ணின்னு சொல்லுவாரு." அந்தக் குழாய்த் தண்ணீர் வீட்டுக் கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாய் ஓடு கட்டும். மாதா மாதம் அவள்தான் சுரண்டுவாள்.

"நல்ல மனுஷன்! ரேடியேட்டரையே மாத்தணும். இறக்கத்துல சூடாகாது, பயப்படாம வந்துடு. வந்ததும் வண்டியை இங்கயே விட்டுட்டுப் போ. நாளைக்குக் காலையில என் வண்டியில நான் கூட்டிட்டுப் போறேன். பெரியவருக்கு ஒரு நாளும் விட்டுப்போகாது, சரியா?"

சரி என்றாள். நாளைய சிகிச்சைக்கு வழி கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் அந்த "வாயுதான்" ஓடிக்கொண்டிருந்தது நிற்கவில்லை.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வழக்கம்போல் கையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல. போலாம்."

அவள் கார்க்கதவைத் திறக்கவில்லை.

"தொண்டை எப்படி இருக்கு?"

"இருக்கு, இருக்கற இடத்துல."

"மாமா, உங்க புள்ளை மாதிரி என்கிட்ட கதை அளக்காதீங்க. எரியுதா இல்லையா?"

அவர் துண்டைச் சரிசெய்தார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். "தண்ணிகூட சரியா இறங்கல. நாலஞ்சு நாளாவே. நீ வெக்கிற சாப்பாட்டை ஜன்னல் வழியா காக்காக்குப் போட்டுடறேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா நிறுத்திடுவாங்களோன்னு பயம். நீ வேற இந்த வண்டியோட மல்லுக்கட்டுற. உன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

அவள் அவருடைய கையைப் பிடித்து, வந்த வழியே திருப்பினாள்.

"நாளைக்குச் சொல்லிக்கலாமே" என்றார் மாமா.

"இன்னைக்கே."

"வண்டி ஜன்னலெல்லாம் திறந்து கெடக்கு பாரு. பானெட்டும் திறந்திருக்கு."

"கெடக்கட்டும்" என்று சொல்லி, டாக்டர் கிளம்பிவிடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று, அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைக்க முடியாமல் குறைத்துக்கொண்டு படியேறினாள்.