இரண்டு அங்குலம்

குளிர்பெட்டியின் வயரைச் செருக வேறு இடமில்லாமல் டிவியின் பிளக்கைப் பிடுங்கினான் இம்மானுவேல். பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே பொன்னுராஜ், தலையில் கட்டோடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். தேனி ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அக்காள் புருஷனின் முகத்தைப் பார்க்காமலே எழுந்த இம்மானுவேல், யார் காலிலும் தட்டக்கூடாதென்று வயரைப் பாய்க்கடியில் நீவிவிட்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"செய்யிறதையும் செஞ்சுட்டு, பிளக்கு மாட்ட வந்துட்டான்," என்றாள் பொன்னுராஜின் அக்காள் தங்கபுஷ்பம், அவன் காதில் விழும்படியாகவே. "அம்பத்தஞ்சு வயசு ஆளுக்கு ரேஸ் சைக்கிள் பூட்டிக் குடுத்தானே, ஒரு போல்ட்ட ஒழுங்கா முறுக்கத் தெரியல. கைப்பிடி தனியா கழண்டு என் தம்பி கையோட வந்துருக்கு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெபராணி வாயைத் திறக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் பேசாமலிருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அது அவளுக்கு இன்றைக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது. ஏனென்றால் அந்த போல்ட்டைக் கடைசியாக முறுக்கியவள் அவள்தான்.

சைக்கிள் வந்தது போன தை மாதம். பொன்னுராஜுக்குப் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். சரக்குப் பார்க்க வண்டன்மேட்டுக்குப் போனவர், ஒரு எஸ்டேட் ஸ்டோரில் சாக்குகளுக்குப் பின்னால் ஒட்டடையும் துருவுமாகத் தொங்கிய ஜப்பான் சைக்கிளைக் கண்டார். எப்போதோ வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனதாம். "கொண்டுபொய்க்கோ சேட்டா," என்று எஸ்டேட்காரர் கொடுத்துவிட்டார். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். இவர் ஓட்டுகிறேன் என்றார்.

இம்மானுவேலுக்கு டூவீலர் ஒர்க்ஷாப். மச்சானும் மச்சினனுமாக, வீட்டுப் பின்பக்கம் சைக்கிளைப் பிரித்துப் பரப்பினார்கள். சீட்டுக் கம்பி துருவேறி இறுகிப்போய், பத்து நாள் எண்ணெய் விட்டும் அசைய மாட்டேன் என்றது. ஒரு சனிக்கிழமை அது கிறீச்சென்று திரும்பியபோது இரண்டு பேரும் கரிக்கையோடு கட்டிக்கொண்டார்கள். டயர் உள்ளூரில் கிடைக்காமல் ஆன்லைனில் வந்தது. பிரேக் கட்டையும் கேபிளும் புதிது. தினமும் கடைக்குப் போக வேண்டுமே என்று மட்கார்டு, கேரியர், ஒரு மணி. பழைய நீலப் பெயிண்டை மட்டும் தொடவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் ஏழு மாதமாகக் குளிப்பாட்டலும் துடைப்பும் அதற்குத்தான் நடந்தது. "எனக்கு ஒரு சக்களத்தியக் கூட்டியாந்துட்டீக," என்று ஜெபராணி சொல்லாத நாளில்லை.

ஓட்டத் தொடங்கியதும் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ரேஸ் சைக்கிளைக் குனிந்துதான் ஓட்ட வேண்டும். காலையில் முந்தல் வரை போய்த் திரும்பி, பிறகு அதிலேயே கடைக்கும் போய்வந்தால், ராத்திரி தைலம் தேய்த்தே ஜெபராணிக்குக் கை சலித்தது.

"தம்பிகிட்டச் சொல்லி கைப்பிடிய ஏத்தி வைக்கச் சொல்லுங்க."

"வேணாம் ராணி. இந்த அளவுதான் இதுக்கு அழகுன்னு பாத்துப் பாத்து வச்சான். சங்கடப்படுவான்."

அந்தக் குடும்பத்துக்கு இது ஒரு வியாதி. மச்சினன் மனசு நோகக் கூடாதாம், கழுத்து நோகலாமாம்.

போன ஞாயிறு அவர் கோயில் கமிட்டிக்குப் போயிருந்த நேரம், தம்பி விட்டுப்போன, போல்ட் முறுக்கும் எல் சாவியை ஜெபராணி எடுத்தாள். தம்பி செய்ததைப் பார்த்திருந்த மாதிரியே மேலே இருந்த போல்ட்டைத் தளர்த்தி, கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டி, கைப்பிடியை இரண்டு அங்குலம் உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். கைப்பிடித் தண்டில் ஒரு கோடும் அதை ஒட்டிப் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்தும் வெளியே வந்தன. அளவு டம்ளரில் இருக்கிற மாதிரி ஏதோ அளவுக்கோடு என்று நினைத்து, துணியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கி வைத்தாள்.

மூன்று நாள் கழுத்து வலிக்கவில்லை. "மெக்கானிக்குக்கு அக்கான்னா சும்மாவா," என்று சிரித்தார் பொன்னுராஜ். "ஆனா அவங்கிட்டச் சொல்லிறாத."

நான்காம் நாள், அதாவது நேற்றுக் காலை, முந்தல் ரோட்டு இறக்கத்தில் கைப்பிடி தண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பாலத்துச் சுவரில் தலை மோதியது. தகவல் கேட்டு முதலில் ஓடியவன் இம்மானுவேல்தான். சாயங்காலம் வீட்டுக்கு விசாரிக்க வந்த ஏட்டு, அந்தக் கோடு எதற்கு என்று அவனிடம் கேட்டார்.

"அந்தக் கோடு வெளிய தெரியக் கூடாது சார். தெரிஞ்சா உள்ள பிடிமானம் இல்லன்னு அர்த்தம்."

"பூட்டுனது நீதான?"

"நாந்தான் சார்."

ஜெபராணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆயுசுக்கும் புருஷனைக் கொன்றவள் என்ற பெயரோடு இந்த ஊரில் நடமாட வேண்டுமே என்று பயந்தாள். பயந்தாள் என்பதைத் தவிர அதற்கு வேறு பேர் கிடையாது. ராத்திரி முழுக்கத் தம்பி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்ததைப் பார்த்தும் பேசாமலே இருந்துவிட்டாள்.

நான்கு மணிக்குப் பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். பொன்னுராஜைச் சவப்பெட்டிக்கு மாற்றி மூடினார்கள். தலைமாட்டு மூலையில் தோள் கொடுப்பது மச்சினன் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இம்மானுவேல் வந்து குனிந்தான். தங்கபுஷ்பம் குறுக்கே கையை நீட்டினாள்.

"நீ தொடக் கூடாது. கொன்னவன் தோள்ல என் தம்பி போக வேணாம்."

பாஸ்டர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்மானுவேல் நிமிர்ந்து இரண்டடி பின்னால் போனான்.

ஜெபராணி எழுந்தாள்.

"அவன விடுங்க மதினி. அவன் இல்ல. கைப்பிடிய ஏத்துனது நான். அவுக கழுத்து வலின்னு படுற பாட்டப் பாத்து, ஞாயித்துக்கெழம நாந்தான் கழட்டி ஏத்துனேன். கோட்டத் தாண்டிப் போயிருச்சு. எனக்குத் தெரியல மதினி."

இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் தங்கபுஷ்பத்திடம் பேசினான்.

"அக்கா நேத்துலருந்து இப்பிடித்தான் என்னத்தையாவது பேசுது. அதுக்கு எல் சாவி எதுன்னே தெரியாது. மச்சான் கேட்டாக, ஏத்துனேன். சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

"ஏலே, பொய் சொல்லாத. நீ வச்ச அளவு ஒனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெபராணி.

அவன் அருகே வந்து அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். "தெரியும்க்கா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பேசாம இரு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கோடு வெளியே தெரிந்ததை நேற்று ரோட்டிலேயே பார்த்தவன் அவன். அது தான் வைத்த அளவில்லை என்பதும், எல் சாவி யார் வீட்டில் இருந்தது என்பதும் அவனுக்கு அப்போதே தெரியும்.

"தம்பியக் காப்பாத்தப் பாக்குறா, பாவம்," என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இம்மானுவேல் அதற்குள் வெளியே போய்விட்டான். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் ஜெபராணியிடம் முகங்கொடுத்துப் பேசியறியாத தங்கபுஷ்பம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அழுகைய அடக்கி அடக்கிப் புத்தி பெரண்டு போச்சு ஒனக்கு. வாய்விட்டு அழு ஆத்தா."

"நாந்தான் மதினி."

"சரி ஆத்தா, சரி."

அந்தக் கை பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஜெபராணி அழவில்லை. இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். தங்கபுஷ்பம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பெட்டி உயர்ந்தது. இம்மானுவேலின் மூலைக்கு வந்த ஆள் கொஞ்சம் குட்டை. வாசலைத் தாண்டும்வரை அந்தப் பக்கம் சாய்வாகவே போனது. தெருவில் துக்கத்துக்கு வந்தவர்களின் பைக்குகள் தாறுமாறாக நின்றதால் சவவண்டி வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. இம்மானுவேல் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். பூட்டியிருந்தவற்றைப் பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தான். கடைசி ஸ்கூட்டரையும் ஒதுக்கிவிட்டு, டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற இடமாகப் போய் நின்று, வரட்டும், வரட்டும் என்று கையைக் காட்டினான்.