சுவாமி ஊரில் இல்லை

வாயைத் துடைக்க விடாமல் வஸ்தியாம்பிள்ளை தலையை அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டிருந்தார். இமெல்டா ஒரு கையால் தாடையை அழுத்திப் பிடித்து, மற்றக் கையால் ஈரத்துணியைக் கடைவாய் வரைக்கும் விட்டுச் சளியை வழித்தெடுத்தாள். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. கல்முனை டவுனில் மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குக் கையுறைக்கு என்ன பஞ்சம்? எட்டு மாதமாக அந்த மனிதரை அவள் வெறுங்கையால் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பெற்ற தகப்பன்தான்.

“சுவாமியக் கூப்பிடு!” என்று கத்தினார்.

நெல் மில்லில் முப்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குக் காது போய்விட்டது. தனக்குக் கேட்காவிட்டால் ஊருக்கும் கேட்காது என்று நினைக்கிற ஆள். தண்ணீர் கேட்டாலும் சரி, பெம்பர்ஸ் மாற்றச் சொன்னாலும் சரி, நாலு வீட்டு வளவுக்குக் கேட்கும்.

“சுவாமி ஊரில இல்ல. மட்டக்களப்புக்குப் போயிட்டார்.” அவர் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்.

“இன்னும் வரல்லியா?”

“இல்ல.”

நாலு நாளாக இதே கேள்வி, இதே பதில். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய வியாழக்கிழமையே அவர் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, பாவசங்கீர்த்தனத்துக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார். கோயில் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. காலையும் மாலையும் மணி அடிக்கிறது. மட்டக்களப்புக்குப் போனதாகச் சொல்லப்பட்ட பாதர் நேற்று ஞாயிறு பூசை வைத்தார், இமெல்டா கடைசி வரிசை வாங்கில் இருந்து கண்டாள். இந்தப் பொய்யோடு நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போகவில்லை. மணிச்சத்தம் அவர் காதில் விழாது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

அவள் செய்வது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவப்பொறுத்தல் இல்லாமல் அந்த மனிதர் சாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை வஸ்தியாம்பிள்ளை மில்லில் நெல் புடைக்க வந்த ஒருத்தியோடு கந்தளாய்ப் பக்கம் போய்விட்டார். தகப்பன் ஓடிப்போன வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் ஞாயிறு சுவாமியார் மற்ற அறிவித்தல்களையெல்லாம் வாசித்து, அந்த ஒன்றை மட்டும் வாசிக்காமல் தாளை மடித்தார். இமெல்டா புதுச்சேலையோடு மூன்றாவது வாங்கில் இருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

அம்மா கந்தளாய்க்குப் போய்க் கெஞ்சினாள். “நான் ஆருக்கும் கட்டுப்பட்ட ஆளில்ல. எனக்கு என்ட சுதந்திரம் வேணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல சுதந்திரம். அதை எப்போதும் யாராவது ஒருத்தி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கடல் வந்து ஊரை வாரிக்கொண்டு போனபோதுகூட இவர்கள் இருக்கிறார்களா செத்தார்களா என்று ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை. அந்தப் பெண் செத்த பிறகு, அவள் பிள்ளைகளுக்கு இவர் வேண்டாமாம், எட்டு மாதத்துக்கு முன் ஒரு வாடகை வானில் ஏற்றிக்கொண்டுவந்து இமெல்டாவின் கேற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடு இறக்கிவிட்டுப் போனார்கள். கதிரையில் இருந்துகொண்டே “பசிக்குது” என்றார். வேறொரு சொல் சொல்லவில்லை.

வாயைத் துடைத்துவிட்ட அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கேற்றில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு நதீரா. தலையில் முந்தானையை இழுத்துவிட்டபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் மோட்டார்சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவர் பாதர்.

“அக்கா, பாதர் வந்திட்டார் கா. கோயிலடியால வரக்குள்ள கண்டன். கையோட கூட்டிவந்தன்” என்றாள் நதீரா. “நாலு நாளா அவர் கத்துற கத்தில எங்கட ஊட்ட ஒருத்தருக்கும் சோறு எறங்குதில்ல. மௌத்தாகப்போற மனிசன் கேக்கிறத எப்பிடிக் கா குடுக்காம இருக்கிற?”

பாதர் சின்னப் பெடியன் மாதிரி. குருப்பட்டம் பெற்று இரண்டு வருடம் ஆகியிருக்காது. வியர்வையில் அங்கி முதுகோடு ஒட்டியிருந்தது. “அப்பா நித்திரையா?” என்று கேட்டார்.

உள்ளே சத்தமே இல்லை. நாலு நாள் ஓயாமல் கத்திய வாய் அந்த நேரம் பார்த்து மூடியிருந்தது. ஓம் பாதர், நித்திரை, பின்னேரம் வாங்க என்றால் போதும். பின்னேரம்வரை தாங்காது என்று காலையில் மூச்சைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேற்றின் கொளுக்கியில் அவள் கை இருந்தது. இந்த நாலு நாளும் அவள் உள்ளுக்குள் ருசித்தது இதைத்தான். கொடுத்தால் கொடுப்பேன், விட்டால் விடுவேன், என்னை யார் கேட்பது? அந்த நினைப்பு நாக்கில் இனித்தது. அது யாருடைய பேச்சு என்று சட்டென்று பிடிபட்டபோது அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. அதே கொழுப்பு, அதே இரத்தம்.

“இல்ல பாதர். முழிச்சுத்தான் கிடக்கிறார். வாங்க.”

பாதர் ஊதாத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவளை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இமெல்டா குசினிக்குள் போனாள். குசினியென்ன, கோயில் கோபுரத்தில் ஏறி நின்றாலும் கேட்டிருக்கும்.

“மில்லில அரிசி களவெடுத்தன் சுவாமி!” என்று தொடங்கினார் வஸ்தியாம்பிள்ளை. “மூட்டை மூட்டையா எடுத்தன்! குடிச்சன்! ஒருத்தியோட இருந்தன், அவளும் என்ன நல்லாத்தான் பாத்தாள்!”

மதிலுக்கு அந்தப்பக்கம் நதீரா மகளை அதட்டுவது கேட்டது. “உள்ளுக்குப் போ புள்ள. அது அவங்கட மார்க்கத்துக் கதை, நாம கேக்கப்படா.” அதற்குப் பிறகு நதீராவின் பிளெண்டர் ஓடத் தொடங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஓடுகிற சத்தம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஓடியது. இமெல்டா சுவரில் காதை வைத்தாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வைத்தாள். கிழவரின் குரல் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிளெண்டர் சூடேறி நின்றது.

“மகள் சோத்துக்கு உப்புப் போடுறாளில்ல சுவாமி! அதுக்கு அவளத் தூசணத்தால ஏசிப்போட்டன்! அவ்வளவுதான், வேறொண்டுமில்ல!”

உப்பு. இருபத்திரண்டு வருடத்துக்கு உப்பு. இமெல்டா சுவரிலிருந்து விலகி நின்றாள். கொஞ்ச நேரத்தில் பாதர் கூப்பிட்டார். எண்ணெய் பூசி, நற்கருணை அப்பத்தில் நகக்கண்ணளவு பிய்த்து ஒரு கரண்டித் தண்ணீரோடு அவர் வாயில் வைத்தார். தாடை வழியாகத் தண்ணீர் பாதி வெளியே ஒழுகியது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த அந்த முகத்தில் வயிறு நிறையத் தின்றவனின் திருப்தி இருந்தது. 

கேற்றடியில் பாதரை மறித்தாள். “என்ட கலியாணத்தப் பத்திச் சொன்னாரா?”

“பாவசங்கீர்த்தனத்தில கேட்டத நான் சொல்ல ஏலாது. உங்களுக்குத் தெரியும்.”

“உப்புக் கதை எனக்கும் கேட்டுது, ஊருக்கும் கேட்டுது. நடுவில சொன்னதுதான் கேக்கல்ல. ஓமா இல்லையா, ஒரு சொல்லுச் சொல்லுங்க பாதர்.”

“செத்தாலும் சொல்ல ஏலாது.”

“சொல்லாம விட்டிருந்தாலும் மன்னிப்புத்தானா? வாழ்க்க முழுக்கத் தன்ட வயித்த மட்டும் பாத்துத் திரிஞ்ச மனிசன், கடைசிக் கால்மணித்தியாலத்தில ஒரு கத்துக் கத்தினா எல்லாம் சரியா? கடவுளுக்கு அருவருப்பே இல்லையா?”

பாதர் முகத்தைத் துடைத்தார். படித்த பதில் எதையாவது எடுத்துவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். “இல்லப்போலதான் கிடக்கு” என்றார்.

அந்தப் பதில் அவளை இன்னும் கொதிக்கவைத்தது. “நாலு நாளா உங்களக் கூப்பிடாம விட்டது நான்தான். நீங்க ஊரில இல்லையெண்டு சொன்னன். அப்பிடியே போய்ச் சேரட்டும் எண்டுதான் விட்டன்.”

“இப்ப நீங்க சொன்னது பாவசங்கீர்த்தனமா, கோவமா?”

“கோவம்.”

“சரி. ஆறினாப் பிறகு வாங்க. நான் ஊரிலதான் இருப்பன்.” மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டு பாண்டிருப்புப் பக்கம் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார்.

மூன்று மணி தாண்டி வஸ்தியாம்பிள்ளை செத்துப்போனார். பெரிய அவஸ்தை ஒன்றுமில்லை. ஏப்பம் மாதிரி ஏதோ வந்தது, அதோடு நின்றுவிட்டது. இமெல்டாவுக்கு அழுகை வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியும். சத்தம் நின்றதைக் கவனித்து நதீரா எட்டிப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ ஓதினாள். கதிரை கொண்டுவருகிறேன் என்று போனாள்.

தாடையைக் கட்டுமுன் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சளி அடைப்பை எடுக்க விரலை உள்ளே விட்டாள். மேலண்ணத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. மருந்துக் குளிசை என்று நினைத்து வழித்தெடுத்தாள். கையுறை நுனியில் சளிக்கு நடுவே வெள்ளையாக, பாதி ஊறி, நகக்கண்ணளவு.

ஆண்டவருடைய உடம்பு. மற்றக் கையால் போனை எடுத்தாள்.

“பாதர், அப்பா போயிட்டார்... பாதர், நற்கருணை உள்ள போகல்ல. என்ட விரல்ல கிடக்கு.”

பாதர் மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டுவது கேட்டது. பிறகு பாதர் நிதானமாகச் சொன்னார். “பயப்படாதீங்க. ஒரு கிளாஸ் தண்ணியில போட்டு விடுங்க. முழுக்கக் கரைஞ்சாப் பிறகு அது வெறும் தண்ணிதான். ஆரும் மிதிக்காத இடமாப் பாத்து மண்ணில ஊத்திவிடுங்க. நான் வாறன்.”

கரைய அரை மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி, தாடையைக் கட்டினாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கினாள்.

கிணற்றடியில் ஊற்ற ஏலாது. எட்டு மாதமாக அவருடைய மூத்திரத்துணி கழுவிய தண்ணீர் ஓடுகிற இடம். முருங்கையடியில், நடக்க முடிந்த நாளில் அவர் ஒன்றுக்குப் போய் நின்றது. மதிலோரம் முழுக்க அவருடைய வெற்றிலைத் துப்பல். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நாய் படுத்திருந்தது. கோயிலுக்குக் கொண்டுபோகலாம், பிணத்தைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? பாதர் வரும்வரை மேசையில் வைத்துவிட்டு நிற்கலாம். ஒரு குறையும் இல்லை. யாரும் அவளிடம் இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். அப்பம் போய்விட்டது. தண்ணீர் சற்றுக் கலங்கி, நடுவில் நூல்போல ஏதோ மிதந்தது. அது அவருடைய வாயிலிருந்து வந்தது. 

இமெல்டா கிளாஸை வாயில் வைத்துக் குடித்தாள். முதல் மிடறு திரும்பி வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அதை மறுபடி விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்ட, மூச்சுப் பிடித்து மிச்சத்தையும் குடித்தாள்.

நாலு கதிரையை ஒன்றோடொன்று அடுக்கி அணைத்துக்கொண்டு நதீரா கேற்றைக் காலால் தள்ளிவந்தாள். அவளைக் கண்டதும் நின்றாள்.

“குடிங்க கா, குடிங்க. காலத்தால இருந்து உங்கட வாயில பச்சத்தண்ணி படல்லியே. இன்னொரு கிளாஸ் கொண்டுவரட்டா?”

“போதும் நதீரா” என்றாள் இமெல்டா. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, கதிரைகளை இறக்கக் கைகொடுக்கப் போனாள்.