மணி போடாத வரிசை

அண்ணன் தையல்காரர். கை ஆடத் தொடங்கிய பிறகு அப்படிச் சொல்வதே கேலியாகிவிட்டது. அந்தக் கேலியையும் அவரே முந்திக்கொண்டு செய்வார். "மெஷினுக்கு மோட்டார் எதுக்கு? என் கையில பெல்ட்டை மாட்டு, ஓடட்டும்" என்பார். அண்ணி சிரிக்கமாட்டாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்தக் கையால் தைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்தார். எத்தனை பட்டம் வாங்கினாலும் அவருக்கு அவள் குருவிதான்.

குருவிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் புரதம் செய்யும் வேலை. மனித மூளையில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பெருக்கி, உடைத்து, வடிகட்டித் தெளிவாக எடுக்க வேண்டும். அது தனித்தனியாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி பிடித்தால்தான் வினை. செல்கள் சாகும், கை ஆடும், நடை தடுமாறும். அண்ணன் தலைக்குள் நடக்கும் அநியாயத்தை அவள் தினமும் ஒரு தட்டில் தானே நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு இல்லை, ஆனாலும் எரிந்தது.

தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் புரதம், கட்டி பிடித்தால் ஒளிரும் சாயம், கலக்கிவிட ஒரு குட்டிக் கண்ணாடி மணி. இயந்திரம் சூடாக வைத்துக் குலுக்கும். மணி உருளாவிட்டால் கட்டி லேசில் பிடிக்காது. மேல் வரிசைகளில் வெறும் புரதம். கீழ் வரிசைகளில் அதோடு ஒரு புது மருந்து.

மேல் வரிசைகள் ஒளிர்ந்தன. கீழ் வரிசைகள் இருண்டே கிடந்தன. யாரையும் எளிதில் பாராட்டாத பேராசிரியை அவளைக் கட்டிக்கொண்டார். குருவி ஓடிப்போய் அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, நின்னுடுச்சு! கட்டியே பிடிக்கல!"

அந்த வாரம்தான் அவர் கடையைக் காலி செய்வதாக இருந்தது. "அப்போ கடையை விட வேணாமா?"

"விடாதண்ணா."

தட்டில் நடப்பது மனிதனுக்கு வந்துசேர எத்தனை வருஷமாகும் என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவள் அவள்தான். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ! கடையை வாடகைக்கு எடுக்க வரவிருந்த புது ஆளை அண்ணன் திருப்பி அனுப்பினார். பெயர்ப்பலகைக்குப் புதிதாக வண்ணம் அடிக்கக் கொடுத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னாள். சொல்லும்போது முதல்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் மணிகளைக் கழுவி எடுக்கத் தட்டைக் கவிழ்த்தாள். மேல் வரிசை மணிகள் கலகலவென்று விழுந்தன. கீழ் வரிசைகளிலிருந்து ஒன்றும் விழவில்லை. தட்டினாள், உதறினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அங்கே மணியே இல்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மேல் வரிசைகளுக்கு மணி போட்டு முடித்தபோது அண்ணியின் அழைப்பு வந்தது. "உங்கண்ணன் குளியலறையில விழுந்துட்டாரு." வராந்தாவில் நின்று பேசி, அழுது, முகம் கழுவித் திரும்பி வந்தவள், மீதியைப் போடாமலே தட்டுக்கு மூடி ஒட்டி இயந்திரத்தில் வைத்துவிட்டாள். கீழ் வரிசைகள் இருண்டது மணி இல்லாததால்தான் இருக்கும், மருந்தால் அல்ல.

இருந்த புரதத்தையெல்லாம் திரட்டி மறுபடி செய்தாள். ஒவ்வொரு மணியையும் இடுக்கியால் எடுத்து வைத்தாள். கடவுளே, ஒரே ஒரு வரிசையாவது இருட்டாக இருக்கட்டும் என்று கெஞ்சினாள். தட்டு முழுக்க ஒளிர்ந்தது.

பேராசிரியை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "நல்லவேளை, யார்கிட்டயும் சொல்லல" என்றார். குருவி சொல்லிவிட்டாள், சொல்லவே கூடாத ஆளிடம்.

கடை வாசலில் பெயர்ப்பலகையின் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அண்ணன் மேஜைமேல் துணியை விரித்து, சுண்ணக்கட்டியோடு உட்கார்ந்திருந்தார். கோடு கோணல்மாணலாகப் போயிருந்தது.

"வா வா! மருந்து வந்ததும் முதல் வேலை உனக்கு ஒரு கோட்டு. கோடு மட்டும் இப்பவே போட்டு வெக்கறேன்."

"அண்ணா, மருந்து வேலை செய்யல. தப்பு என்னோடது. மணி போட மறந்துட்டேன்."

சுண்ணக்கட்டி நின்றது. "நீயா? பட்டனைக்கூட நிறம் நிறமா பிரிச்சு வெக்கறவ நீ. எப்படி மறந்தே?"

"நடுவுல ஃபோன் வந்துச்சு."

"யாரு?"

"யாரோ. கடன் வேணுமான்னு கேட்டாங்க."

அவரிடம் அவளுடைய பொய் எந்தக் காலத்திலும் செல்லுபடியானதில்லை. அவர் தன் முழங்காலைப் பார்த்தார். விழுந்த காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"நான் விழுந்த அன்னிக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உயிரையே கொடுத்திருப்பாள். மேஜைமேல் இருந்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். ஆடுகிற கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தார். இப்போது இரண்டும் ஆடின.